பின்பலகையோரம் பேச்சியம்மாள் அக்கா

முந்தல் தாண்டி மலையேறிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் அக்காவின் மகனிடமிருந்து போன் வந்தது. "அம்மா போயிருச்சுண்ணே. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாக, அம்புட்டுத்தான்." வண்டியை ஓரங்கட்டி, பின்னால் இருந்த பெண்களிடம் சொன்னேன். செல்விதான் முதலில் பேசினாள். "வண்டியத் திருப்புங்கண்ணே." அன்று யாரும் ஏலத்தோட்டத்துக்குப் போகவில்லை.

பேச்சியம்மாள் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போனவர் அவர். என் பிக்கப்பில்தான் எல்லோரும் போய்வந்தார்கள். கேபினை ஒட்டிய இடத்தை வயதானவர்களுக்கு விட்டுவிட்டு, குலுக்கல் அதிகமான பின்பலகையோரம் அக்கா உட்காருவார். கேட்டால், "இங்க இருந்தாத்தான் யாரு ஏறல, யாரு எறங்கலன்னு தெரியும்" என்பார்.

ஒரு சீசனில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்துவிட்டது. வயிற்றில் ஆபரேஷன் செய்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்த செல்வியை, ஒரு வளைவில் வண்டி தூக்கிப் போட்டது. தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையில் பெண்கள் வந்தார்கள், ஏறவில்லை.

"சீசன் முடியட்டும்க்கா, மாத்திர்றேன்" என்றேன்.

"சீசன் முடிஞ்சா நாங்க எதுக்கு தம்பி ஏறப்போறோம்?"

எஸ்டேட் மேனேஜர் போனில் சத்தம் போட்டார். வேறு ஆட்களை வைத்துக்கொள்வதாக மிரட்டினார். அக்கா போனை வாங்கி நிதானமாகச் சொன்னார்: "வச்சுக்கங்க சார். அவுகளுக்கும் முதுகெலும்பு ஒண்ணுதான் இருக்கும்." வேலை போய்விடும் என்ற பயம் அவருடன் நின்றவர்களின் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஒருவர்கூட ஏறவில்லை.

நான் தேனிக்குப் போய், வண்டியோடு வந்ததைவிடக் கனமான, கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி வாங்கிவந்தேன். மெக்கானிக் அந்தோணியின் பட்டறைக்கு, கூப்பிடாமலே அக்காவும் பெண்களும் வந்துவிட்டார்கள். கழற்றிய பழையதை அந்தோணி அமுக்கிக் காட்டினார். உள்ளே போன தண்டு போனதுதான், திரும்பி வரவில்லை. புதியதை அக்கா இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம்தான் இறங்கியது. கையை எடுத்ததும் மெதுவாக எழுந்துவந்தது. "பிடிவாதக்காரி" என்று சிரித்தார்.

மேலும் கீழும் போல்ட்டைத் தளர்வாக மாட்டி, ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகு அந்தோணி சொன்னார்: "லோடு ஏத்துங்க. வண்டி அமுங்கி நிக்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்கணும். இல்லாட்டி உள்ள இருக்க ரப்பர் புஷ்ஷு முறுக்கிக்கிட்டுப் பிஞ்சிரும்."

நான் மூட்டை தேடினேன். "மூட்டை எதுக்கு? நாங்க இல்லையா?" என்று அக்கா பின்பலகையைப் பிடித்து ஏறினார். மற்றவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்க, அக்கா அதட்டினார்: "ஏய், அசையாம இருங்கடி. கீழ ஆளு இருக்கு." அப்படித்தான் அந்த போல்ட்டுகள் இறுகின.

மறுநாள் போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். செல்வி சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். "எப்படிக்கா இருக்கு?"

"குலுங்கத்தான் செய்யுது தம்பி. ஆனா தூக்கிப் போடல."

அக்காவுக்கே வெகுகாலமாக முதுகுத் தண்டில் எலும்பு விலகியிருந்ததை அவர் மகன் சொல்லித்தான் பிறகு அறிந்தேன். ஏறாமல் நின்ற அன்றுகூடச் செல்வியின் வலியைத்தான் பேசினார். தன் வலியைச் சொல்லவே இல்லை. அதன் பிறகும், உடம்புக்கு முடியாமல் போகும்வரை, பல சீசன்கள் மலைக்கு வந்தார்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. அன்று அக்காவின் பாடை புறப்பட்டதும், பின்னால் வந்த பெண்களைத் தெருமுனையில் பெரியவர்கள் நிறுத்தினார்கள். பெண்கள் வாதாடவில்லை. நேரே வந்து என் வண்டியில் ஏறினார்கள். "பாடைக்குப் பின்னாடியே விடுங்கண்ணே" என்றாள் செல்வி. விட்டேன். சுடுகாட்டுச் சுவரோரம் நிறுத்தினேன். ஒருவரும் இறங்கவில்லை, தரையில் கால் வைக்கவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். அந்த உயரத்துக்குச் சுவர் மறைக்கவில்லை. மகன் கொள்ளி வைப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

உங்களைக் கடைசிவரை கொண்டுவந்து விட்டோம், அக்கா.