மாமா சொன்னதற்கு மேல் கால் திருகு

ஒரு பட்டாசுக் கம்பெனியை ஒற்றை விரலால் தகர்த்தவனாக நான் வாழ்ந்தது மொத்தம் முக்கால் மணி நேரம். அப்போது எனக்குப் பதினோரு வயது. ஊர் தாயில்பட்டி. காலாண்டுப் பரீட்சை லீவு. தீபாவளிச் சீசன் என்பதால் கம்பெனிகளில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடந்துகொண்டிருந்தது.

தகர்ப்பதற்கான கருவியைக் கொடுத்தவர் என் தாய்மாமா. சிவகாசியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கொழும்பில் யாவாரம் பார்த்த ஒருவர் தன் மகனுக்காக ஜப்பான் பொம்மை பஸ் ஒன்று வாங்கி வந்தார். கப்பலில் யாரோ அதன் மேல் டிரங்குப் பெட்டியை இறக்கிவைக்க, தகர பஸ் அப்பளமாகிவிட்டது. ரிப்பேருக்கு வந்த பஸ்ஸை ஒரு வருஷமாகியும் திருப்பிக் கேட்க ஆள் வரவில்லை. மாமா அதை எனக்குக் கொடுத்துவிட்டார்.

நசுங்கியது மேல்தகரம்தான். உள்ளே மோட்டார் உயிரோடு இருந்தது. கூடவே பொத்தான் வைத்த ஒரு கைப்பெட்டி. பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே கம்பி எதுவும் கிடையாது. ஆனாலும் இங்கே அமுக்கினால் அங்கே வண்டி ஓடும். மறு அமுக்கில் இடப்பக்கம் திரும்பும். அதற்கடுத்த அமுக்கில் நேராகும்.

"பெட்டிக்குள்ள ஒரு பொறி பறக்கும்லே. அது ஆகாசத்துல போயி வண்டியத் தட்டும்" என்றார் மாமா. "உங்கப்பாட்ட சொல்லிராத."

அதைச் சொல்லவே வேண்டியதில்லை. அப்பா கம்பெனியில் போர்மேன். ஆணி அடித்த செருப்பைக்கூட, பொறி தட்டிவிடும் என்று, கம்பெனி வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். வீட்டில் நாங்கள் அடுப்பைப் பற்ற வைப்பதையே சந்தேகத்தோடு பார்க்கிற மனிதர். அவரிடம் போய், பொறி பறக்கிற பெட்டி வைத்திருக்கிறேன் என்று யார் சொல்லுவார்கள்?

பஸ்ஸை ரேஸ் காராக மாற்றுவது என்று முடிவானது. காரணம், எதிர்வீட்டு வாத்தியார் மகன். அவனிடம் சாவி கொடுத்தால் ஓடும் சிவப்புக் கார் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் அதை ஓட்டிக் காட்டுவான். தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லுவான். நான் மூன்று தடவை கழுவியிருக்கிறேன்.

லீவு விட்டதும் ஒரு வாரம் மாமா கடையே கதி என்று கிடந்தேன். நூல் சுற்றும் கட்டையை அறுத்துச் சக்கரமாக்கினோம். அதற்குச் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டினோம். அச்சுக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி, ஏரியலுக்குக் குடைக்கம்பி. நாலு டார்ச் பேட்டரியைப் பின்னால் ஏற்றியதும் வண்டி குதிரை மாதிரி மூக்கைத் தூக்கியது. பக்கத்து அச்சாபீசில் தேய்ந்துபோன ஈய எழுத்துகளை வாங்கிவந்து முன்னால் கட்டினோம். பிறகு மூக்கு இறங்கியது. பல்சக்கரத்துக்கு நான் தேங்காய் எண்ணெய் விட்டேன். மறுநாள் பார்த்தால் வண்டியில் எறும்புகள் பயணம் செய்துகொண்டிருந்தன. மாமா எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அச்சு மிஷின் கிரீஸ் தடவினார். மேலே மூடுவதற்குக் கலர் தப்பாக விழுந்த வெடி லேபிள் அட்டை. அதில் ஒரு கிளி நீல நிறத்தில் உட்கார்ந்திருந்தது.

கடைசியாக டியூன் பண்ணும் வேலை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தது. மாமா அதைக் காதருகே வைத்து, கோழி முட்டையைத் தொடுகிற மாதிரி பதமாகத் திருகினார்.

"முக்கால் திருகு. அதுக்கு மேல ஒரு நூல் நகட்டக் கூடாது."

"நகட்டுனா?"

"அலை வீரியம் கூடிரும்லே. இருக்கன்குடி வரைக்கும் போயி எதையாவது தட்டி விட்டுரும்."

அந்தப் பெட்டிக்கு இருபது அடி தாண்ட வக்கு கிடையாது. என் கையிலிருந்து திருகைக் காப்பாற்ற மாமா கண்டுபிடித்த வழி அது. இதெல்லாம் இப்போது தெரிகிறது.

பந்தயத்தன்று காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு வண்டிகளும் நின்றன. வாத்தியார் மகன் சாவியைக் கடைசிவரை முறுக்கிவிட்டுக் காத்திருந்தான். நான் அமுக்கினேன். வண்டி அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். நீலக்கிளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கையக் கழுவிட்டு வந்து அமுக்கிப் பாருலே" என்றான் அவன்.

அந்த ஒரு வார்த்தைதான். திருகைக் கால் சுற்று கூடுதலாகத் திருகி, பொத்தானை அமுக்கினேன்.

மேற்கே டம்மென்று ஒரு சத்தம். பள்ளிக்கூட ஓடுகள் கடகடவென்று ஆடின. காக்கைகள் மொத்தமாக எழும்பின. கண்மாய்க்கு அந்தப் பக்கம், அப்பாவின் கம்பெனி இருக்கும் திசையில் புகை ஏறியது.

"ஏலே, உன் காரு ஓடுதுலே" என்றான் வாத்தியார் மகன். நான் பார்க்கவில்லை. பெட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் இன்னொன்று வெடிக்கும் என்று தோன்றியதால், அமுக்கியபடியே ஓடினேன். தெரு முக்கில், அமுக்குவதால்தான் வெடிக்கும் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் தண்ணீர் அண்டாவுக்குள் அமிழ்த்தினேன். அது இரண்டு குமிழி விட்டது. அதற்காகவும் பயந்தேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கிலியைக் கிளப்பியது. கொதிக்கிற உலையோடு அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். தலையை அள்ளி முடிந்தாள். துணிப்பெட்டியைத் திறந்து அப்பாவின் பழைய, துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டிகள் இரண்டை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு என் கையில் கத்தியைக் கொடுத்தாள்.

"கெணத்தடி வாழையில போயி அஞ்சாறு இலை அறுத்துட்டு வா. நீளமா பாத்து அறு. கிழிஞ்சிரக் கூடாது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வெம்பக்கோட்டையிலிருந்து இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். அவருக்கு இலை போட்டுச் சாப்பாடு நடக்கும், அப்புறம் என்னை ஒப்படைப்பார்கள். வேட்டி ஜெயிலில் நான் கட்டிக்கொள்வதற்கு. இன்ஸ்பெக்டர் வயிறு நிறைந்தால் தண்டனை குறையலாம் என்ற கணக்கில், இருப்பதிலேயே நல்ல இலைகளாக, காற்றில் ஒரு கீறல்கூட விழாதவையாகத் தேடித்தேடி அறுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரைப் பாதையில் நடந்தாள். முன்னாலும் பின்னாலும் ஊர்ப் பெண்கள் நடந்தார்கள். அவர்கள் கையிலும் பை, சிலர் தோளில் இலை. ஊரே சாட்சி சொல்லப் போகிறது என்று நினைத்தேன்.

"யம்மா, நாந்தான் அமுக்குனேன்."

"வாயப் பொத்திட்டு நட."

பெற்ற மகனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று எனக்குக் கண்ணீர் வந்தது.

பாதி வழியில் எதிரே அப்பா சைக்கிளில் வந்தார். தூரத்திலேயே ஒரு கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்காக. சாம்பிள் வெடி. வடக்கத்தி யாவாரி கேட்டாருன்னு பெருசா ஒண்ணு போட்டுப் பாத்தோம். ஊருக்குள்ள சொல்லிவிட ஆள் அனுப்பல. தப்புதான்."

பெண்கள் நின்ற இடத்திலேயே பாதையில் உட்கார்ந்தார்கள். ஒரு அத்தை மட்டும், "ஒரு ஆளு கெடைக்கலயாக்கும் ஒங்களுக்கு?" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவர் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தாள். இரண்டு கையையும் பார்த்தாள். நாலு பேர் பார்க்க அம்மா அப்பாவைத் தொட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இதற்குமேல் தாங்காது என்று நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெட்டி, பொறி, திருகு, அண்டா.

"எம்புட்டுத் திருகுன?" என்றார் அப்பா.

"மாமா சொன்னதுக்கு மேல கால் திருகு."

"அப்ப மொதலாளிகிட்டச் சொல்லணும். இனிமே திரி செலவு மிச்சம்."

சிரிக்க ஆரம்பித்தவர், என் தோளில் கிடந்த இலைக்கட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"இத நீயா அறுத்த?"

தீப்பட்ட உடம்பைப் பாயில் கிடத்த முடியாது, வாழையிலையில்தான் கிடத்துவார்கள் என்பது எனக்குத் தெரிய இன்னும் நாலு வருஷம் இருந்தது.

"ஆமாப்பா. ஒண்ணுகூடக் கிழியல. அளந்து பாருங்க, எல்லாம் ஒங்க உசரம் இருக்கும்."

அப்பா இலைக்கட்டை வாங்கி, வெயிலில் வாடிய இலைகளைக் கண்மாய்ப் பக்கமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, என்னைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்தார். அம்புட்டுக் கஷ்டப்பட்டு அறுத்ததற்கு நல்ல இலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடு வந்து சேரும்வரை எனக்கு அதுதான் குறையாக இருந்தது.