கல்லடைப்பு என்று சொல்லிவைத்தேன்

நான் ஓட்டுவது பெண்கள் வண்டி. மண்ணூர்ப் பக்கம் ஒரு விடுதியில் நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரகடத்தில் அவர்கள் வேலை செய்யும் கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் திரும்ப ஏற்றி வர வேண்டும். நடுவில் எங்கேயும் நிறுத்தக் கூடாது. பெண்களின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி அது. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. சிக்னலோ நெரிசலோ இல்லாத இடத்தில் வண்டி ஓரமாக நின்றால், உள்ளே பொருத்தியிருக்கும் கருவி கம்பெனியின் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடும். உடனே என் போன் அடிக்கும். "அண்ணா, வண்டி ஏன் நிக்குது?"

ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுஷன் ஒண்ணுக்குப் போவதற்கு ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு முதலில் வந்தது அவசரம். போயே ஆக வேண்டும் போல முட்டும். போய் நின்றால் வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக வரும். முடிந்தது என்று பேண்டை ஏற்றிக்கொண்டு வந்தால் மறுபடி முட்டும். பல வருஷம் லாரி ஓட்டியவன் நான். லாரியில் இதெல்லாம் ஒரு விஷயமா? ஓரம் கட்டினோமா, இறங்கினோமா, வந்தோமா என்று போய்க்கொண்டே இருப்போம். இங்கே ஜன்னல் நெடுக நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாரும் என் மகள் வயது.

ஒருநாள் தாங்க முடியாமல் ஓரம் கட்டிப் புதர் மறைவுக்குப் போனேன். போன் அடித்தது. "டயர்ல காத்து பாக்கறேன்" என்றேன். மறுநாளும் டயர்தான். அதற்கு அடுத்த வாரமும் டயர்தான். வண்டியை ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கும் ஓனர் பயந்துபோய் மெக்கானிக்கை அனுப்பிவைத்தார். அவன் ஆறு சக்கரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு, "டயர் புதுசு மாதிரி கீது. உனக்கு இன்னா ஆச்சி?" என்று என்னையே பார்த்தான்.

வீட்டில் இந்தப் பொய் எடுபடவில்லை. என் மனைவி பல மாதமாகக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "இன்னாய்யா, பாத்ரூமையே வூடாக்கிக்கினியா? வா, டாக்டர்கிட்ட போவலாம்" என்று படப்பைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். புற்று மாதிரி எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. சிறுநீர்ப் பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். பிராஸ்டேட். வயதானால் அது பெருத்துக் குழாயை நெரிக்குமாம். அதுதான் எனக்கு.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடுங்க. எழுந்திருக்கும்போது தலை சுத்தலாம். ஒத்துக்குதான்னு தெரியற வரைக்கும் வண்டி எடுக்காதீங்க. ஒத்துக்கலைன்னா வாங்க, மாத்தித் தரேன்" என்று பொறுமையாகத்தான் சொன்னார். நான் கேட்டேனா? வண்டி எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்தால் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவானே. ராத்திரி போட்டுவிட்டு மறுநாள் காலையில் வண்டி எடுத்தேன். கம்பெனி வாசலில் பெண்களை இறக்கிவிட்டு, டிரைவர் சீட்டிலிருந்து நானும் இறங்கினேன். பூமி ஒரு சுற்றுச் சுற்றியது. கதவுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றேன். இதுவே வண்டி ஓடும்போது வந்திருந்தால்?

டாக்டரிடம் திரும்பப் போய் மாத்திரையை மாற்றி வாங்கியிருக்க வேண்டும். நான் மாத்திரையை நிறுத்தினேன். நானே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தேன். தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பெரிய மேதாவி! உதடு காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பங்குனி வெயிலில் வண்டி ஓட்டினேன்.

என் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் உட்காருவாள். தூத்துக்குடிப் பக்கம். முப்பது வயது இருக்கும், லைன் லீடர், கம்பெனியில் ஒரு வரிசை வேலைக்கு மேற்பார்வை, அந்த வண்டிக்கே அவள்தான் அதிகாரி. மெக்கானிக் வந்து போனதிலிருந்து என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். "டயரும் இல்ல, கியரும் இல்ல. உங்களுக்குத்தான் என்னமோ செய்யுது. என்ன அண்ணாச்சி, மறைக்காம சொல்லுங்க" என்றாள்.

பிராஸ்டேட் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையை எங்கே காட்டுவது? வாயில் வந்ததைச் சொன்னேன். "கல்லும்மா. கல்லடைப்பு."

கல் என்பது கௌரவமான வியாதி. யாரும் சிரிக்க மாட்டார்கள், யாரும் தலையைக் குனிய மாட்டார்கள். எல்லாருக்கும் மருந்து தெரியும். அங்கேதான் நான் மாட்டினேன். மறுநாளே அவள் ஒரு பெரிய பாட்டிலில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொருத்தி விடுதிச் சமையல்காரம்மாவிடம் சொல்லி வாழைத்தண்டுச் சாறு. "நெறையத் தண்ணி குடிச்சாத்தான் கல்லு கரையும். ம், குடிங்க. நான் பாத்துட்டு இருப்பேன்" என்று லைன் லீடர் பக்கத்தில் நின்று மிரட்டினாள். குடித்தேன். வேறென்ன செய்ய? பாசத்தோடு கொடுப்பதைத் துப்பவா முடியும்?

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது ஒரகடம் கூட்டுரோட்டில் கார் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. எனக்குள்ளே ஒரு பாட்டில் பார்லி, அரைப் பாட்டில் வாழைத்தண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தேன். நெரிசல் தீர்ந்து, விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி, வாட்ச்மேன் கழிவறைக்கு ஓடினேன். நின்றேன். வரவில்லை. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. வயிறு கல்லாக இறுகிவிட்டது. வலி என்றால் அப்படி ஒரு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு "அய்யோ" என்று கத்திவிட்டேன்.

லைன் லீடர்தான் ஆட்டோ பிடித்தாள். வாட்ச்மேனையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியெல்லாம், "கல்லு வந்து அடைச்சிட்டுது. ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி" என்று தைரியம் சொன்னாள். நர்ஸிடமும் கல் என்றே சொன்னாள். என் பொய் எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது. டூட்டி டாக்டர் என் அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினார். "கல்லா? யார் சொன்னது?" என்றார். திரையை இழுத்துவிடச் சொல்லி, அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சிறுநீர் வரும் வழியில் டியூப் போட்டார்கள். அது உள்ளே போகும்போது எரிந்தது. ஆனால் டியூப்பில் மாட்டிய பை நிறைய நிறைய என் வலி இறங்கியதே, அந்த நர்ஸைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் லேசாக வீங்கியிருப்பது தெரிந்தது. சிறுநீர்ப் பை முழுசாகக் காலியாகாமல், சிறுநீர் பின்னால் சிறுநீரகம் வரைக்கும் தேங்கியிருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் வந்தார். சின்ன வயது, ஆனால் அவசரப்படாமல் பேசினார். டியூப்பைச் சில நாள் வைத்திருந்து, வேறு மாத்திரை கொடுத்து, எடுத்துப் பார்க்கலாம். பலருக்கு அதிலேயே போக ஆரம்பித்துவிடும். இல்லையென்றால் ஆபரேஷன். வெளியே கத்தியே படாது, சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு நெரிக்கும் சதையைச் சுரண்டி எடுப்பார்கள். சென்னையில் லேசரிலும் செய்கிறார்கள், ரத்தப்போக்கு குறைவு, ஆனால் அங்கே தேதி கிடைக்கிற வரைக்கும் டியூப்போடு காத்திருக்க வேண்டும்.

"மாத்திரையில போனா, மறுபடி அடைக்காதுன்னு சொல்வீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் உறுதி குடுக்க முடியாதுங்க. அடைக்காமலும் இருக்கலாம், அடைக்கவும் செய்யலாம். கிட்னி வீங்கியிருக்கறதால நான் ஆபரேஷன் பக்கம்தான் சாய்வேன்."

"ஆபரேஷன்ல இன்னா ஆவும்? எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னார். கொஞ்ச நாள் ரத்தம் கலந்து வரும். சிலருக்கு ஆரம்பத்தில் அடக்க முடியாமல் கசியும். ஒன்றரை மாதம் கனரக வண்டி ஓட்டக் கூடாது. பிறகு, தகவல் கேட்டு வந்திருந்த என் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாம்பத்தியத்துக்குப் பெரும்பாலும் பாதகம் வராது, ஆனால் விந்து வெளியே வராமல் உள்பக்கமாகச் சிறுநீர்ப் பைக்குள் போய்விடும், அது அப்படியேதான் இருக்கும் என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. பேரன் எடுத்தவன்தான். இருந்தாலும் ஆம்பளையில் ஏதோ ஒன்றை வெட்டி எடுப்பதுபோல இருந்தது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை. டாக்டர் போனதும் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். மனைவி சுற்றி வந்து என் முகத்துக்கு நேராக நின்றாள்.

"இன்னாய்யா மூஞ்சி அப்படிப் போவுது? இன்னும் நாலு புள்ள பெத்துக்கப் போறோமா? கிட்னி போச்சின்னா இன்னா பண்ணுவ? நீ முழுசா வேணும்யா எனக்கு, மத்தது எப்படி இருந்தா இன்னா" என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் அழுதுவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஓனர் போன் செய்தார். "மாத்திரை போட்டுக்கினு திங்கக்கெழமை வந்துடுப்பா. ஆபரேஷன்னா ஒன்றரை மாசம்னு சொல்ற. அதுவரைக்கும் சீட்ட காலியா வச்சிகினு இருக்க முடியுமா?"

அவர் மிரட்டவில்லை. அவர் நிலைமை அப்படி. ஆனால் எனக்குக் கூட்டுரோட்டில் நின்ற அந்த நேரம் ஞாபகம் வந்தது. வலி தாங்காமல் ஒரு நொடி கண்ணை மூடியிருந்தால், பின்னால் நாற்பது பேர்.

"வேற ஆளப் போட்டுக்கோங்க ஓனரே. வழியில அடைக்குமோ அடைக்காதோன்னு சந்தேகத்தோட அந்தப் பொண்ணுங்கள ஏத்திக்கினு நான் வர மாட்டேன். சீட்டு போனா போவட்டும். சரி பண்ணிக்கினுதான் வருவேன்" என்றேன். போனை வைத்ததும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவு முடிவுதான். டாக்டரைக் கூப்பிட்டு, இங்கேயே செய்துவிடுங்கள் என்றேன்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். குளிரில் பல் அடித்துக்கொண்டதே தவிர ஒன்றும் தெரியவில்லை. மரப்பு விட்டபின் தெரிந்தது. டியூப்பில் தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்து மனைவி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். சில நாளில் டியூப்பை எடுத்தார்கள். தனியாகக் கழிவறைக்குள் போனேன். தீயாக எரிந்தது, ஆனால் சத்தத்தோடு வந்தது, நிற்காமல் வந்தது. உள்ளேயே நின்று அழுதேன். "இன்னாய்யா ஆச்சி, கதவத் தொற" என்று மனைவி வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு வீட்டில் படுத்திருந்த நாள்கள் சுகமானவை அல்ல. துணி நனைந்த நாள் உண்டு, மடித்த துணி வைத்துக்கொண்டு மகன் முன்னால் நடக்கக் கூசிய நாள் உண்டு. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்தேன், தண்ணீர் குடித்தேன், கசிவு மெல்ல நின்றது. வண்டி ஓட்டலாம் என்று அவர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு ஓனரிடம் போனேன். என் சீட்டில் பிள்ளைப்பாக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். மாற்று டிரைவராக இருக்கிறாயா என்றார் ஓனர். யார் லீவோ அவர்கள் வண்டியை ஓட்ட வேண்டும். இருக்கிறேன் என்றேன்.

அப்படி ஒருநாள் பெண்கள் வண்டி என் கைக்கு வந்தது. விடுதி வாசலில் என்னைப் பார்த்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கல்லு எவ்ளோ பெருசுண்ணா? டப்பால போட்டுக் குடுத்தாங்களா? போட்டோ இருந்தா காட்டுங்க!" கிளம்ப நேரம் இருந்தது. இனியும் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு திரிய எனக்குத் தெம்பில்லை.

"கல்லே இல்லம்மா. பிராஸ்டேட். வயசான ஆம்பளைங்களுக்கு வரது. ஒண்ணுக்குப் போற வழிய அடைச்சிக்கும். சொல்ல வெக்கப்பட்டுக்கினு உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். லைன் லீடர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் ஏறப் போனதும் கிட்டே வந்தாள்.

"எங்கப்பாவும் ஒரு வருசமா கல்லுன்னுதான் சொல்லுதாவ. டாக்டர்ட்ட வாங்கப்பான்னா வர மாட்டேங்காவ. நானும் இங்கேருந்து பார்லி வாங்கி அனுப்பிட்டு இருக்கேன்" என்றாள். போனை எடுத்து எண்ணைப் போட்டு என் கையில் திணித்தாள். "நீங்களே பேசுங்க அண்ணாச்சி."

அந்தப் பக்கம் ஒரு தடித்த குரல் வந்தது. யாரென்று சொன்னேன். "எனக்கும் கல்லுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்" என்றேன். அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"புள்ள பக்கத்துல நிக்காளா?"

"நிக்குது."

"கொஞ்சம் தள்ளி வாங்க." நான் காம்பவுண்டு சுவரோரம் போனேன். அவர் குரல் இன்னும் இறங்கியது. "அறுக்கையில ரொம்ப வலிச்சுதா?"

"அப்ப ஒண்ணும் தெரியல. பின்னால எரிஞ்சுது, ரத்தம் வந்துது, பயந்தேன். இப்ப நல்லா கீறேன். உங்களுக்கு ஆபரேஷன் வேணுமா, மாத்திரையே போதுமான்னு டாக்டர்தான் சொல்லணும். அவர்கிட்டயாவது கல்லுன்னு சொல்லாதீங்க."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி, பாக்கேன். எம் மவகிட்ட மட்டும் சொல்லிராதீய."

அவள் வண்டிப் படியில் ஏறாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றேன். நடந்துபோய் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கப்பா" என்றாள்.