நீர் என்று கூப்பிட ஒருவர்

வினிபிரட்டுக்கு ஜெபம் வறண்டுபோச்சு என்று கோப்பாயில் ஆரிடமாவது சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள். ஆருக்கு ஒப்பரேஷன், ஆருடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதினை, ஆருக்கு விசா கிடைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். "ரீச்சர், ஒருக்கால் ஜெபிச்சு விடுங்கோ." அவளும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கண்ணை மூடுவாள். பிறகு ஆறிப்போன சோற்றைத் தின்பாள். மற்றவர்களுக்காகக் கேட்டே பழகிவிட்ட மனுசி. தனக்கென்று ஒன்றைக் கேட்கப்போன இடத்தில்தான், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரோ என்ற ஐமிச்சம் வந்தது.

கேட்டதும் மலையை அல்ல. புருசன் எட்வேர்ட் தன்னை ஒரு தரம் "நீர்" என்று கூப்பிடவேண்டும். அவ்வளவுதான்.

இதுவும் ஒரு கேள்வியோ என்பீர்கள். இரண்டு பேரும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவர் கணிதம், அவள் சங்கீதம். ஸ்ராவ் ரூமில் "நீர் ரைம்ரேபிளைப் பாக்கேல்லையோ?", "உமக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்று தொடங்கிய கதை, கலியாணம் முடித்தும் மாறவில்லை. எங்கடை பக்கத்தில் புருசன் பெண்சாதியை நீர் என்பது வழமை. பெண்சாதி திருப்பிச் சொன்னால் ஊர் வாயைப் பிளக்கும். மாமியாருக்குக் காது கூசிக்கொண்டே இருந்தது. "புருசனைப் பாத்து நீர் எண்டு கதைக்கிறதோ, பிள்ளை?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார்.

"ஆண்டவரையே நீர் எண்டுதானே கூப்பிடுறம், மாமி. உங்கடை மகன் அவரிலும் பெரிய ஆளோ?"

எட்வேர்ட் கிணற்றடியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த எட்வேர்ட்டுக்கு இப்போது மறதி வருத்தம். முதலில் நல்லூரிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழி தவறியது. பிறகு அவளே நினைவிலிருந்து தவறிப்போனாள். குழப்படி ஒன்றும் இல்லை, மரியாதையாய்த்தான் நடக்கிறார். அந்த மரியாதைதான் அவளைத் தின்கிறது. சாறம் மாற்றிவிட்டால், "உங்களுக்கு வீண் கரைச்சல்" என்பார். சோறு தீத்தினால், "உங்களை வீட்டிலை தேடமாட்டினமோ?" என்பார். "நான் வினிபிரட்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேர்" என்றார். கனடாவில் இருக்கிற மகள் ஷரோன் வாட்ஸ்அப்பில் வந்து, "அப்பாவைப் பாக்க ஒரு ஆளை வையுங்கோ அம்மா" என்றாள். "ஆள் வைச்சாச்சு, பிள்ளை. அவரைக் கேட்டுப் பார், நான்தான் அந்த ஆள்" என்றாள் வினிபிரட்.

போதகரிடம் சொன்னாள். "விசுவாசத்தோடை கேளுங்கோ ரீச்சர், ஏற்ற வேளையிலை பதில் வரும்" என்றார். இதையே அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். தனக்குச் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. இரண்டு பேரை நீர் நீர் என்று கூப்பிட்டுக் களைத்துப்போனாள். ஒருவர் நீங்கள் என்கிறார், மற்றவர் மூச்சே விடுகிறாரில்லை. மாரி மழை தொடங்கியபோது ஜெபிக்க முழங்காலில் நிற்பதை விட்டுவிட்டாள். முழங்கால் நோகுது என்று தனக்கே சாட்டுச் சொன்னாள்.

அப்படியிருக்க, மாதர் ஐக்கியத்து வீட்டு ஜெபம் அவள் வீட்டு முறையாய் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும், அதற்கும் தெம்பில்லை. பின்னேரம் பெண்கள் வந்து விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். எட்வேர்ட்டை உள்ளறைக் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்தப் பார்த்தாள். மாரி ஈரத்துக்குக் கதவு ஊதிப்போய் முழுக்கச் சாத்துப்படவில்லை. பாட்டுப் படித்தார்கள், வேதம் வாசித்தார்கள். கடைசியில் ஐக்கியத்தின் செயலாளர் ஜெனிற்றா, "ரீச்சர், நீங்கள் ஜெபிச்சு முடிச்சு விடுங்கோ" என்றாள்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். வினிபிரட் வாயைத் திறந்தாள். ஸ்தோத்திரம், கிருபை, சித்தம், எல்லாச் சொல்லும் ஆரோ வேறு பொம்பிளையின் உடுப்பு மாதிரி இருந்தது. ஒன்றையும் எடுத்துப் போட மனம் வரவில்லை. ஜெனிற்றா இருமினாள். அப்போது வந்தது ஜெபமில்லை, கோபம்.

"நீர் இருக்கிறீரோ, இல்லையோ?" என்றாள், வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் கேட்கிற குரலில். "எவ்வளவு காலமாய்க் கூப்பிடுறன். காது கேக்கேல்லையோ? எனக்கு ஏலாமல் கிடக்கு. இருந்தால் ஒரு சொல்லுச் சொல்லும்."

பெண்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"இஞ்சதானே இருக்கிறன்" என்றார் எட்வேர்ட். "நீர் ஏன் சத்தம் போடுறீர்? உமக்கு என்ன வேணும்?"

அவள் ஓடினாள். ஓடினாள் என்றால், அந்த முழங்காலோடு எவ்வளவு ஓடலாமோ அவ்வளவு. அவர் கதவைப் பார்த்தபடி கிடந்தார். கிட்டப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிடித்த கையைப் பார்த்தார்.

"நீங்கள் ஆர்?" என்றார், மரியாதையாய்.

அவள் கட்டில் விளிம்பில் இருந்து அழுதாள். விறாந்தையில் பெண்கள் தாங்களாகவே கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி முடித்தார்கள்.

போகும்போது ஜெனிற்றா கண் கலங்கி, "பாத்தியளோ ரீச்சர், ஆண்டவர் பதில் தந்திட்டார்" என்றாள். "ஓம்" என்றாள் வினிபிரட். வாதாட அலுப்பாய் இருந்தது. பதில் தந்தது ஆண்டவரோ, மனுசன் பழக்கதோசத்தில் சொன்னதோ, அவளுக்கு எப்படித் தெரியும்? ஐமிச்சம் வந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அந்தச் சொல்லும் காதுக்குள் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அவருக்குக் கஞ்சி பருக்கி வாயைத் துடைத்துவிட்டாள். "உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார். அவள் ஒரு கதிரையை இழுத்து உள்ளறை வாசலில் போட்டு இருந்தாள். ஊதிப்போன கதவை அகலத் தள்ளித் திறந்துவைத்தாள். பக்கத்து வளவுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று கண்ணை மூடிக் குரலை எடுத்தாள்.

"நீர் இருக்கிறீரோ?" என்று கேட்டாள், இரண்டு பேரையும்.