என் காருக்கு வைத்த பிளாஸ்டிக் மூக்கு

என் கணவர் ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கார்களுக்கான ஏர் ஃபில்டர் டப்பா அங்கே தயாராகிறது. என்ஜினுக்குள் போகும் காற்றைத் தூசி நீக்கி அனுப்புமே, அந்தக் கறுப்பு டப்பாதான். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுப்பது அவருடைய உத்தியோகம். வாரம் முழுக்க அப்படிச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் காரின் பானெட்டைத் திறந்து, "இந்த டப்பாவே தப்பும்மா" என்றார்.

கார் என்னுடையது. அதில்தான் நான் தினமும் ரோஜாப் பண்ணை அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். அவர் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்புகிறவர். ஆனாலும் என் காரின் உடல்நலம் பற்றி அவருக்கு இருந்த கவலையைச் சொல்லி மாளாது.

"வண்டி மூச்சு வுட முடியாம திணறுது. ஓட்டறப்போ தெரியல உனக்கு?"

"தெரியலையே. நல்லாத்தான ஓடுது?"

"நல்லா ஓடறது வேற, மூச்சு வுட்டு ஓடறது வேற."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் மூச்சைப் பற்றி அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருவர் தன் காருக்குத் தண்ணீர்க் குழாயில் காற்றுப் பாதை செய்து வீடியோ போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் இவருக்கு ஞானம் பிறந்தது. இருவரும் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். மூணு இன்ச் பிவிசி பைப் கேட்டார்.

"பாத்ரூமுக்கா, கிச்சனுக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"காருக்கு."

கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஓசூரில் கடை வைத்திருப்பவர்களை எதனாலும் ஆச்சரியப்படுத்திவிட முடியாது. "அப்போ எல்போ எத்தினி வேணும்?" என்றுதான் அடுத்த கேள்வி கேட்டார்.

மதியத்துக்குள் கறுப்பு டப்பா வெளியே வந்து விழுந்தது. அந்த இடத்தில் வெள்ளைக் குழாய் ஒன்று வளைந்து நெளிந்து இறங்கியது. அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். குளிர்ந்த காற்று கீழேதான் கிடைக்கும் என்று அதை முன்பக்க பம்பருக்குப் பின்னால், தரையை முகர்ந்து பார்க்கும் உயரத்தில் மாட்டினார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த வீட்டு ஓனர், "ஏனு சார், காரல்லி பாத்ரூம் கட்டிஸ்தா இதீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். காரில் பாத்ரூம் கட்டுகிறீர்களா என்று அவர் கேட்டதை இவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வண்டியைக் கிளப்பினார். பெரிய மிருகம் ஒன்று உறிஞ்சி உறிஞ்சிக் கூழ் குடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து வேறு தெருவுக்குக் குடிபோயின. அவர் முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

"கேட்டியா? எப்படி இழுக்குது பாரு!"

வண்டி முன்பு இழுத்த மாதிரியேதான் இழுத்தது. இப்போது அதை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டே இழுத்தது, அவ்வளவுதான். பண்ணையில் காவலர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டைத் திறந்துவிடத் தொடங்கினார். இது ஒரு வசதி என்று என் கணவர் குறிப்பிட்டார்.

அடுத்து வந்த முகூர்த்த நாளில், குருபரப்பள்ளியில் அவருடைய சித்தப்பா மகனுக்கு நிச்சயதார்த்தம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பின்னால் அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும். மாமா என்று இவர் கூப்பிடும் அந்த மனிதருக்கு எல்லா வண்டிகளைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு, ஓட்டத்தான் தெரியாது. சூளகிரி தாண்டும்போது மழை பிடித்தது. நெடுஞ்சாலையில் வண்டிகள் தேங்கி நிற்க, "சர்வீஸ் ரோட்ல வுடு மச்சான்" என்றார் மாமா. விட்டார். அங்கே பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு ஆடு முழங்கால்கூட நனையாமல் கடந்து போனது. எங்கள் கார் நடுவில் போய், மூக்கால் ஒரு மடக்கு குடித்து, விக்கி, நின்றுவிட்டது.

"திரும்ப செல்ஃப் அடி மச்சான்! நல்லா அழுத்தி அடி!" என்றார் மாமா.

என் கணவர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அடிக்கக் கூடாது மாமா. உள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டன் கம்பி வளைஞ்சிரும். இன்ஜின் காலி." வண்டியைப் பற்றி அதுவரை அவர் சொன்னதில் நான் முழுமனதாக நம்பியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, குழாயைக் கழற்றிச் சாய்த்தார். குவளை நிறையும் அளவுக்குச் செம்மண் தண்ணீர் கொட்டியது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மழையில் தலை ஒட்டிப்போய், குழாயைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும், வார்த்தையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ராயக்கோட்டை தக்காளி ஏற்றி வந்த மினி லாரிக்காரர் ஒருவர் மனமிரங்கிக் கயிறு கட்டினார். நானும் அவருடைய அக்காவும் பட்டுப்புடவையோடு லாரியின் முன்சீட்டில். பின்னால் தக்காளி, அதற்குப் பின்னால் கார். மண்டப வாசலில் எங்களை வரவேற்க மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டுமே வந்து நின்றன. அத்தனை மரியாதை எங்களுக்கு அதற்கு முன்பு கிடைத்ததே இல்லை.

பானெட்டைத் திறந்ததும் மண்டபத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் அங்கே கூடிவிட்டார்கள். ஒருவர் பிரேக் செய்கிற கம்பெனி, இன்னொருவர் ஒயரிங், ஒருவர் கண்ணாடி துடைக்கும் பிளேடு. எல்லாரும் சேர்ந்தால் ஒரு முழுக் காரையே செய்துவிடலாம். நின்றுபோன ஒரு காரைக் கிளப்பத்தான் ஆளில்லை. மாப்பிள்ளையும் வந்து குனிந்து பார்த்தார்.

"பிளக்கக் கழட்டிட்டு சுத்தவிடலாங்களா அண்ணா?"

"அதத்தான் நானும் நெனச்சேன். ஃபில்டர்தான் காயணும்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஃபில்டரை எடுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்குப் போனேன். அலங்காரம் செய்யும் பெண் கையில் முடி உலர்த்தும் மெஷின் இருந்தது. அவள் நான் நீட்டியதைப் பார்த்தாள். "அக்கா, இது என்னாது, சவுரியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். "மொதல்ல அதுக்கு அடிங்க, எனக்கு அப்புறமா பாத்துக்கலாம்" என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். என் காரின் மூக்குக்குச் சூடான காற்று கிடைத்தது. கீழே கிடைக்கும் குளிர்ந்த காற்று பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

வெளியே பிளக்குகளைக் கழற்றி என்ஜினைச் சுற்றவிட்டபோது, உள்ளே போன தண்ணீர் பன்னீர் தெளிப்பதுபோல மாமாவின் சட்டையில் தெளித்தது. எல்லாவற்றையும் மாட்டி, என் கணவர் சாவியைத் திருப்பினார். அதே உறிஞ்சல் சத்தம் மண்டபம் அதிரக் கிளம்பியது. கைதட்டினார்கள். உள்ளே நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெண்ணின் அப்பா வந்து கைகூப்பி, "முடிஞ்சிதுங்களா? நல்ல நேரம் போய்க்கினு இருக்குது, மாப்ளயக் கொஞ்சம் அனுப்பி வைங்க" என்றார்.

திரும்பும் வழியில் வார்த்தைகளை எடுத்து வெளியே விட்டேன். அடுத்த ஞாயிறுக்குள் பழைய டப்பா என் காரில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

ஞாயிறு காலை எங்கள் வாசலில் மாப்பிள்ளையின் கார், பிரேக் கம்பெனிக்காரர் கார், இன்னொன்று என வரிசையாக நின்றன. எல்லோருக்கும் அந்தச் சத்தம் வேண்டுமாம். நனைந்தது, நின்றது, லாரி இழுத்தது எதுவுமே அவர்கள் ஞாபகத்தில் இல்லை. என் கணவர் பெரிய மருத்துவர் மாதிரி கை துடைத்துக்கொண்டு, "ஃபில்டர மட்டும் மேல வெச்சிக்கலாம்" என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வேலையாக என் காருக்குக் கறுப்பு டப்பாவை மாட்டிக் கொடுத்தார். சொன்ன சொல் தவறாதவர்.

நான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லை. முன்பு எப்படி இழுத்ததோ அப்படியே இழுத்தது. தெருவில் நாய்கள் திரும்பி வந்திருந்தன. வாசலில் நிறுத்தியபோது, அத்தனை பேருக்கு நடுவில், அவர் ஜன்னலருகே குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"எப்படி இருக்குது? கொஞ்சம் டல்லா இருக்குதா?"

"ஆமாங்க," என்றேன். "கொஞ்சம் டல்லாத்தான் இருக்கு."

அன்று முழுவதும் அவர் சிரித்த முகத்தோடு பைப் அறுத்தார்.