கனியின் கட்டங்கள்

டீக்கடையில் நாகூர் கனி "சீனி கொஞ்சமா" என்று சொல்ல மாட்டார். "ஒன்றரைக் கரண்டி" என்பார். டப்பாவைச் சாய்த்தே சீனி போட்டுப் பழகிய கடைக்காரர் கனி வரும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு கரண்டியைத் தேடி எடுப்பார். வீட்டிலும் இதே கதைதான். சோறு இன்னும் வேணுமா என்று மனைவி அலிமா கேட்டால் "எத்தனை அகப்பை இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிற மனிதருடன் அவர் குடித்தனம் நடத்துகிறார்.

கனிக்கு முப்பது வயது. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, போடியில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டின் ஆபீசில் வேலை பார்க்கிறார். குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் பாடுபடுகிற எழுநூறு பேரின் விவரத்தைப் பழைய ஏட்டிலிருந்து மிஷினுக்கு மாற்றுவது இந்த 1988-ஆம் வருடத்துச் சோலி. ஆளுக்கு ஒன்பது கட்டம். பெயர்க் கட்டம் எழுத்தை வாங்கும். பிறந்த வருஷக் கட்டம் எண்ணை மட்டும் வாங்கும், அதுவும் கடைசி இரண்டு இலக்கத்தை. "ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாய் இருக்குண்ணே. சோறு திங்கிற வாயில கல்லப் போட்டாத் துப்பத்தான் செய்யும்" என்பார், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும்.

மிஷின் துப்பியது. டைப் அடிக்கிற பொன்னுமணி, சைபரும் ஒன்றும் இல்லாத பழைய டைப்ரைட்டர் பழக்கத்தில் சைபருக்கு இங்கிலீஷ் 'ஓ' எழுத்தையும் ஒன்றுக்கு 'எல்' எழுத்தையும் தட்டிக்கொண்டிருந்தார். மிஷின் ஒவ்வொன்றையும் திருப்பித் தள்ளியது. பாவம், மூன்று நாளில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கனி உட்கார்ந்து, அந்த இரண்டு எழுத்தும் வந்தால் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும்படி மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெருமையை ஒரு வாரம் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

பெருமை வந்தால் சோம்பல் கூடவே வரும் போலிருக்கிறது. மேனேஜர் உக்கிரபாண்டி வேலையை வெரசா முடிக்கச் சொல்லி நெருக்கியபோது, கனி இன்னொரு வரியும் எழுதிச் சேர்த்தார். எண் கட்டத்தில் வேறு எந்த எழுத்து வந்தாலும் துப்பாதே, சைபர் என்று வைத்துக்கொண்டு மேலே போ. அதன்பிறகு மிஷின் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எழுநூறு பேரும் ஒரே வாரத்தில் ஏறிவிட்டார்கள்.

அடுத்த மாதம், ஐம்பத்தெட்டு வயது நிரம்பியவர்களின் பட்டியல் மிஷினிலிருந்து வந்தது. பட்டியலில் இருப்பவர்கள் வேலையிலிருந்து நிற்க வேண்டும், ஒரு மாதத்தில் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். இரண்டாம் நாள் காலையில், தோட்டத்திலிருந்து வந்த முதல் ஜீப்பில் இருளம்மாள் இறங்கி வந்தார். காய் பறித்து எடை போட்டுக் கூலி வாங்குகிற வேலை, கட்டுமஸ்தான உடம்பு. தலையில் ஒரு நரை தேட வேண்டும்.

"எனக்கு எம்பத்தெட்டு வயசாம்ல அப்பு. கங்காணி வாசிச்சான். எல்லாரும் சிரிக்கிறாக. எனக்குச் சிரிப்பு வரல. நானும் எம் மகளும் எங்க போயிப் படுக்க?"

கனி ஏட்டைப் புரட்டினார். இருளம்மாள், பிறந்த வருஷம்: ஜப்பான் சண்டை சமயம். பொன்னுமணி 'ஜப்பான்' என்று இங்கிலீஷில் தட்டியிருக்கிறார். மிஷின் அதைச் சைபர் ஆக்கி, எண்பத்தெட்டில் சைபர் போக எண்பத்தெட்டு என்று வயது போட்டிருக்கிறது. அதே வயதில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.

உக்கிரபாண்டிக்கு இதெல்லாம் பெரிய காரியமாகப் படவில்லை. நோட்டீஸ் எல்லாம் அடித்தாகிவிட்டது, ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுச் சரிக்கட்டு, பிறந்த வருஷம் முப்பது என்று போடேன் என்றார். முப்பது என்றால் வயது ஐம்பத்தெட்டு. நோட்டீசும் செல்லும், வீடும் போகும். கட்டத்தைக் காலியாக விடலாமென்றால் மிஷின் அதையும் சைபர் என்றே படிக்கும். ஆளைக் கேட்காமல் ஒரு எண்ணும் போட மாட்டேன், இன்று நோட்டீஸ் போகாது என்று கனி சொன்னார். உக்கிரபாண்டி முகம் சிவக்க வெளியே போனார்.

கனி இருளம்மாள் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னோடதுக்கா. மிஷினு கேட்டிருக்கும். கேக்காதன்னு நாந்தான் சொல்லி வச்சேன்."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். மெட்ராஸ் பட்டணத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தன் அப்பன், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியானபோது ஓடிவந்து சேர்ந்தானாம், அன்றைக்குத் தனக்குப் பிறந்து பதினாறு நாள் என்று ஆத்தா சொல்வாள் என்றார் இருளம்மாள். கனி நிமிர்ந்தார். அவருடைய வாப்பாவும் அதே பீதியில்தான் பட்டணத்துக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தவர். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"நாப்பத்திரெண்டு. ஒங்களுக்கு நாப்பத்தாறு வயசுக்கா. எண்ணு தெரியுமா?"

"எடை பாக்குறவளுக்கு எண்ணு தெரியாதா?"

கனி தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை இருளம்மாள் பக்கம் நகர்த்தினார். அவர் தயங்கி, நுனியில் உட்கார்ந்தார். ஏலச்செடிக் கறை ஏறிய விரல் நான்கை அழுத்தியது. பிறகு இரண்டைத் தேடிப் விசைப்பலகை மேல் மெதுவாக அலைந்தது. வாசலில் வந்து நின்ற உக்கிரபாண்டி இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். கனி திரும்பிப் பார்க்காமலே, பொறுங்கள் என்று கையை உயர்த்திக் காட்டினார்.