ஏரிக் காற்றை அளந்த தேவசகாயம்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் மூச்சிரைக்க வந்து, "சார், நம்ம தேவசகாயம் சார் தவறிட்டாரு. ஹார்ட் அட்டாக்காம்" என்றார். "சும்மா இருய்யா, நேத்து சாயங்காலம்தானே பார்த்தேன்!" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடிய மனிதர். நாற்பத்து மூன்று வயது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரே நாளில் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் தாவரவியல், நான் வேதியியல். போன வருஷம், சேலையூர்ப் பக்கம் காலனிச் சாக்கடை விழுந்து நாறிய ஓர் ஏரியில், ஒரு மூலையை மட்டும் தூர்வாரி, தண்ணீரைச் சுத்தப்படுத்தப் பஞ்சாயத்தில் கோரை நட்டிருந்தார்கள். உள்ளே போகும் தண்ணீரில் நைட்ரேட் ஏராளம். வெளியே வரும்போது அநேகமாக இல்லை. நான் சந்தோஷத்தில் குதித்தேன். அவர் கேட்டார்: "அந்த நைட்ரஜன் எங்க சார் போச்சு? காத்துலதானே? அந்தக் காத்த யாரு பார்க்கறது?"

அவரே பார்த்தார். டயர் ட்யூபில் பக்கெட்டைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, முழங்கால் சேற்றில் நின்று, அதற்குள் சேர்ந்த காற்றை ஊசியால் உறிஞ்சுவார். எருமை ஓட்டி வந்த ஒருவர், "இன்னா சார், பக்கெட்ட கவுத்துகினு மீனா புடிக்கிற?" என்றார். "ஏரி விடற மூச்ச புடிக்கிறேம்பா" என்றார் இவர், சிரிக்காமல்.

நைட்ரேட்டில் பெரும்பகுதி தீங்கில்லாத நைட்ரஜனாகவே போனது. ஆனால் கொஞ்சம் பாதியில் நின்று நைட்ரஸ் ஆக்சைடாகவும், சேற்றிலிருந்து மீத்தேனும் வந்தன. இரண்டுமே பூமியைச் சூடாக்குபவை. ஏரி முழுக்கக் கோரை நடுவதா என்று பஞ்சாயத்து முடிவெடுக்க இருந்தது. மண் கொட்டி மனை போடக் காத்திருந்தவர்களுக்கு இது அல்வா மாதிரி. பயந்துபோய், பஞ்சாயத்துக்காக நாங்கள் எழுதிய அறிக்கையிலிருந்து அந்த எண்கள் இருந்த பக்கத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டேன்.

அவர் தவறுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பஞ்சாயத்துக் கூட்டத்தில் அறிக்கையைப் புரட்டிய தேவசகாயம் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்தார். "டைப்பிங்ல ஒரு பக்கம் விட்டுப்போச்சுங்க, மன்னிக்கணும். வாயாலயே சொல்லிடறேன்." எண்களை மனப்பாடமாகச் சொன்னார். கசடு முதலில் தொட்டியில் படிந்தால் மீத்தேன் குறையும் என்றார். தலைவர் யோசித்து, "தொட்டி கட்டிக்கலாம் சார், கோரை இருக்கட்டும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனில் அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவரை அறிந்த உங்களிடமாவது சொல்கிறேன். அந்தப் பக்கம் டைப்பிங்கில் விட்டுப்போகவில்லை, நான்தான் எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய், என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.