நாத்தனார் தோளுக்கு ஒரு பை

பைக்கு லிட்டர் கணக்கு உண்டு என்பது எனக்கு ஐம்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. பாலுக்கும் பெட்ரோலுக்கும் லிட்டர் சரி, துணி அடைக்கிற பைக்கு எதற்கு என்று கடைக்காரரிடம் வாதாடினேன். உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பதுதான் மேடம் என்று அவர் விளக்க ஆரம்பித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள் நான். கன அளவைப் பற்றி எனக்கே ஒருவர் பாடம் எடுப்பதா? அந்த வீம்பில் இருப்பதிலேயே பெரியதாக அறுபது லிட்டர் பை ஒன்றை வாங்கினேன். காக்ஸ் டவுனுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அது எனக்குச் சரிசமமாக உட்கார்ந்து வந்தது.

வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாக முடிவு செய்திருந்தேன். எங்கள் சர்ச்சிலிருந்து வருடா வருடம் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு குழு கிளம்பும். பன்னிரண்டு நாள் நடை. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன் என்று ஆளுக்கொரு வேண்டுதல் இருக்கும். மாதாவிடம் எனக்குக் கேட்க இருந்தது மன்னிப்பு மட்டும்தான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எழுந்ததும் என் வீட்டுக்காரர் நெஞ்சு எரிகிறது என்றார். முந்தின நாள் கல்யாணத்தில் சாப்பிட்ட பிரியாணிதான் என்று சொல்லி ஜீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பூசைக்குப் போய்வந்தேன். மதியச் சமையலை முடித்தேன். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அவர் காலையிலேயே சொன்னார் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட மறைத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவருடைய அக்கா, என் நாத்தனார், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா என் தம்பி பொழைச்சிருப்பான்." ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டேன். இரண்டே தெரு தள்ளி இருக்கிறார். பூசையில் மூன்று பெஞ்சு முன்னால் உட்காருவார். நான்கு வருடமாக அவருடைய கொண்டையைத்தான் பார்த்து வந்தேன். வீண்பழியாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டார், அதனால்தான் என்னால் ஆற முடியவில்லை.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எவ்ளோ வெயிட்டு சிஸ்டர் இது?"

"ஒன்பது கிலோ. அரிசி பாக்கெட்ட உள்ள போட்டு அல்சூர் ஏரியச் சுத்தி நாலு நாளா நடந்து பாத்துட்டேன். என்னால முடியும்."

"நீங்க தூக்குவீங்க, ஓகே. உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா யாரு தூக்கறது?"

எங்கள் குழுவுக்குப் பின்னால் டெம்போ கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார். ஒருவருக்குக் கால் போனால் அவர் பையையும் தன் பையோடு சேர்த்து ஜோடி சுமக்க வேண்டும். அதனால் பை வாங்குகிறவர் தன் முதுகை அளந்தால் போதாது. ஜோடியின் தோள் கூடுதலாக எவ்வளவு தாங்கும் என்று கேட்டு, அதற்குள் தன் பையை முடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடக் கணக்கில் இப்படி ஒரு கணக்கை நான் போட்டதில்லை. நியாயமாகத்தான் பட்டது, என் ஜோடி யாரென்று அவர் வாசிக்கும் வரை.

நாத்தனாரும் பெயர் கொடுத்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது காக்ஸ் டவுனில் பூனைக்குக்கூடத் தெரியும். டிரைவருக்கு மட்டும் தெரியாதாம்.

"வேற யாரையாவது போடுங்க," என்றேன்.

"லேடீஸ் எல்லாம் ஜோடி ஆயிடுச்சே சிஸ்டர். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

போகவே வேண்டாம் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளி விட்டு வரும் வழியில் கால் தானாக அந்தத் தெருவுக்குள் திரும்பியது. அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டேன்.

"தோளு எவ்ளோ தாங்கும்?"

அவர் குழாயை மூடினார். "லெஃப்ட்டு தூக்கவே வராது. உன் பைய ரைட்லதான் மாட்டணும். நாலு கிலோ. அதுக்கு மேல போனா கை மரத்துப்போகும். உனக்கு?"

"ஆறு."

நான்கு வருடத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு இவ்வளவுதான்.

சனிக்கிழமை அறுபது லிட்டரை மாற்றக் கடைக்குப் போனபோது அவரும் வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. கடையில் சேல்ஸ்மேன் மூலமாகப் பேசிக்கொண்டோம். நாத்தனாருக்கு இடது தோள் சரியில்லை என்று நான் கன்னடத்தில் அந்த ஆளிடம் சொல்வேன். இவளுக்குக் குதிகால் வலி உண்டு, எப்படியும் பையை என் தலையில்தான் கட்டுவாள் என்று நாத்தனார் அதே ஆளிடம் சொல்வார். அக்கா தங்கையா என்று சேல்ஸ்மேன் கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

சேல்ஸ்மேன் டேப் எடுத்து நாத்தனாரின் பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தார். பைக்குள் மண்மூட்டைகளைப் போட்டு, ஒன்றை முதுகிலும் இன்னொன்றை முன்பக்கம் வலது தோளிலும் மாட்டி நடக்கச் சொன்னார். நாற்பது லிட்டர் முகவாயில் இடித்தது. முப்பதில் நாலடி போய் நின்றுவிட்டார்.

"காலு தெரியல. ரோட்ல கல்லு இருந்தா விழுந்து சாவேன்."

இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னார். இருபத்திரண்டு லிட்டர் பையை மாட்டிக் குனிந்து பார்த்தபோது செருப்பின் நுனி தெரிந்தது. அதுவே போதும் என்று வாங்கிவிட்டோம். என் பையின் அளவு அவருடைய கால்விரலைப் பார்த்து முடிவானது.

அந்த வாரம் முழுக்கச் சமையலறைத் தராசோடு மல்லுக்கட்டினேன். இரண்டு செட் சுடிதார், ஒரு போர்வை, துண்டு, மழைக்கோட்டு, மாத்திரை, தண்ணீர் பாட்டில். பிளாஸ்க் போனது, ஊறுகாய் போனது, தலையணை போனது. தடிமனான ஜெபப் புத்தகத்தை எடுத்துவிட்டுச் செபமாலையை மட்டும் வைத்தேன். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது நாத்தனாரின் வலது தோள்தான் கண்முன் வந்தது. கோபமாக இருக்கிற ஒருவரின் தோளைப் பற்றி ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தால் கோபத்தை அதே சூட்டில் வைத்திருக்க முடியவில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை. முதல் நான்கு நாள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தோம், தண்ணீர் வேண்டுமா என்பதற்கு மேல் பேசவில்லை. ஐந்தாம் நாள் செங்கம் தாண்டியதும் என் குதிகால் கொப்புளம் உடைந்தது. டிரைவர் கட்டுப் போட்டுவிட்டு, பஸ் ஏறுகிறீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். நாத்தனார் கையை நீட்டினார்.

"குடு."

"பரவால்ல அண்ணி, நான் நடந்துருவேன்."

"குடுன்னேன்."

மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். வெறும் முதுகோடு நடக்க வெட்கமாக இருந்தது. புளியமர நிழல் விட்டு விட்டு வந்தது. கொஞ்ச தூரத்தில் அவர் வலது கையை உதற ஆரம்பித்தார். நான்கு கிலோவைத் தாண்டாமல்தான் அடைத்திருந்தேன், ஆனாலும் மரத்துப்போகிறது. அந்தக் கை உதறுவதைப் பார்க்கப் பார்க்க என்னால் அடக்க முடியவில்லை. மாதாவிடம் சொல்ல வைத்திருந்ததை அவர் முதுகிடம் சொன்னேன்.

"அண்ணி, அன்னைக்கி ஹால்ல நீங்க சொன்னது சரிதான். காலையிலயே சொன்னாரு நெஞ்சு எரியுதுன்னு. நான்தான் பிரியாணின்னு சொல்லி மூணு மணி வரைக்கும் உக்கார வெச்சுட்டேன்."

அவர் நடையை நிறுத்தவில்லை. ஒரு லாரி கடந்து போனது. கேட்டதோ இல்லையோ என்று நினைத்தேன்.

"எட்டு மணிக்கு எனக்கு போன் பண்ணான்," என்றார் திரும்பாமல். "ஒரு மாதிரியா இருக்குக்கா, ஆஸ்பத்திரி போலாமான்னு கேட்டான். சண்டேல எந்த டாக்டர் இருப்பாங்க, பேசாம படு, நாளைக்குப் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஹால்ல நான் உன்னச் சொல்லலம்மா. என்னச் சொல்லிக்கிட்டேன். எல்லாரும் உன்னப் பாத்தாங்க. இல்ல, என்னத்தான்னு சொல்ல எனக்கு வாய் வரல. நாலு வருஷமா வரல."

நொண்டிக்கொண்டே அவரை எட்டிப் பிடித்தேன். அவருடைய வலது தோளில் வாருக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஊர் வரை அப்படியே போனோம். இரண்டு பேரும் அழுதுகொண்டே நடந்தோம். பின்னால் வந்தவர்கள் கால்வலி என்று நினைத்திருப்பார்கள்.